தியாத்லோவ் கணவாய்: படச்சுருள் நின்ற இடமும் பனி சொன்ன மிச்சமும்

2013இல் வெளிவந்த 'டெவில்ஸ் பாஸ்' படத்தில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர் ரஷ்யாவின் யூரல் மலைக்குக் கிளம்புகிறார்கள். 1959இல் அங்கே ஒன்பது பேர் மாண்ட சம்பவத்தைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது அவர்கள் திட்டம். யாரும் திரும்பவில்லை. அவர்கள் எடுத்த காட்சிகள் மட்டும் கிடைக்கின்றன. அவற்றைத் தொகுத்ததுதான் நாம் பார்க்கும் படம் என்ற பாவனையில் கதை நகர்கிறது. திரையுலகில் 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்று வழங்கும் வகை இது. இந்த வகைப் படங்கள் பெரும்பாலானவற்றில் கண்டெடுத்த சுருளும் கற்பனை, செத்தவர்களும் கற்பனை. அந்த ஒன்பது பேர் மாண்ட தியாத்லோவ் கணவாயில் இரண்டுமே உண்மை. இறந்தவர்களின் கேமராக்கள் கிடைத்தன, சுருள்கள் கழுவப்பட்டன, நாட்குறிப்புகள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மரணங்களைப் பற்றி எழுதியதையும் படமாக்கியதையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஏறக்குறைய எல்லோரும் கூடாரத்தருகிலேயே நின்றுவிட்டார்கள். எது அவர்களை வெளியே துரத்தியது என்ற ஒரே கேள்வி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஆனால் சான்று செறிந்து கிடப்பது கூடாரத்தில் அல்ல. சரிவில் ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே, காட்டோரத்தில் நின்ற ஒரு பைன் மரத்தடியிலும் அதற்கு அப்பால் ஓர் ஓடைப் பள்ளத்திலும் அது கிடைத்தது. அங்கிருந்து பார்க்கத் தொடங்கினால் இந்தக் கதை வேறு கதையாகிவிடும்.

ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரம், இன்றைய யெகாதெரின்பூர்க். அங்கிருந்த யூரல் பாலிடெக்னிக் கழகத்தின் வானொலிப் பொறியியல் மாணவர் இகோர் தியாத்லோவ், வயது 23, ஒரு பனிச்சறுக்குப் பயணத்தைத் திட்டமிட்டார். வடக்கு யூரலில் ஒதோர்தென் என்ற மலைவரை போய்த் திரும்ப வேண்டும். அன்றைய சோவியத் தரவரிசையில் அது மூன்றாம் பிரிவு, அதாவது மிகக் கடினமான வகை. குறைந்தது 300 கிலோமீட்டர் நடந்தால்தான் அந்தத் தகுதி கிடைக்கும். குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் மாணவர்கள். கிரிவனிஷெங்கோ, ஸ்லபோதின், திபோ-பிரினோல் ஆகிய மூவரும் அதே கழகத்தில் படித்து முடித்த இளம் பொறியாளர்கள். ஸலத்தரியோவ் மட்டும் போரில் பணியாற்றிய மூத்தவர், மலைப்பயணப் பயிற்றுநர். இரண்டு பெண்கள்: ஜினைதா கொல்மகோரவா, லுத்மிலா துபினினா. இவர்களோடு தொரஷென்கோ, கொலிவாத்தவ், யூரி யூதின் என மொத்தம் பத்துப் பேர்.

1959 ஜனவரி 23 அன்று ரயிலேறினார்கள். இவ்தெல் ஊர்வரை ரயில், அங்கிருந்து விஜாய்வரை வண்டி, பிறகு மரம் வெட்டுவோர் குடியிருப்பு, அதன்பின் ஆளில்லாத ஒரு சுரங்கக் குடியிருப்பு. 28ஆம் தேதி யூதினுக்கு உடம்பு வலி தாங்கவில்லை, திரும்பிவிட்டார். பத்துப் பேரில் உயிர் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் ஔஸ்பியா ஆற்றோரமாக மேலேறி, திரும்பும்போது வேண்டிய உணவை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, பிப்ரவரி 1 அன்று கணவாயைக் கடக்கப் பார்த்தார்கள். வானிலை மோசம். மாலை ஐந்து மணி வாக்கில், கோலாத் சியாகில் என்ற 1,096 மீட்டர் மலையின் வெட்டவெளிச் சரிவில் பனியைச் செதுக்கிக் கூடாரம் போட்டார்கள். சற்று இறங்கினால் காடு இருந்தது. ஏறிய உயரத்தை இழக்க தியாத்லோவுக்கு மனம் வந்திருக்காது என்பது யூதினின் ஊகம். மலையேறுகிறவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகப் புரியும்.

பிப்ரவரி 12 வாக்கில் விஜாயிலிருந்து தந்தி வர வேண்டும். வரவில்லை. பெற்றோர் நெருக்கியபின் 20ஆம் தேதி தேடல் தொடங்கியது. இங்கேதான் திரைப்படம் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. மலையில் நடந்த துயரத்தை ஆராயப் புறப்பட்ட மாணவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அவர்கள் இறந்தவர்களின் கல்லூரித் தோழர்கள். பிப்ரவரி 26 அன்று கூடாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் மிகாயில் ஷராவின், பரீஸ் ஸ்லப்சோவ் என்ற இரு மாணவர்கள். பனியில் பாதி புதைந்த கூடாரத்தை அவர்கள் பனிக்கோடரியால் கிளறினார்கள். உள்ளே ஆளில்லை. நண்பர்கள் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. கூடாரத்தில் கிடைத்த சாராயக் குடுவையை எடுத்துவந்து அன்றிரவு அவர்கள் நலத்துக்காகக் குடித்தார்கள். மறுநாள் உடல்கள் கிடைக்கத் தொடங்கின.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நண்பனைத் தேடிப் போனவன் தடயவியல் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் முறையாகப் படமெடுத்து, அளந்து, பதிவு செய்வதற்கு முன்பே கூடாரம் கலைந்துவிட்டது என்பதும் உண்மை. பிற்காலக் கோட்பாடுகளில் பாதி, கூடாரம் எப்படி இருந்தது என்பதைப் பற்றிய நினைவுகளில் தொங்குகின்றன. தென்முனைக் கம்பம் நின்றிருந்ததா, மேலே எவ்வளவு பனி கிடந்தது, எந்தக் கிழிசல் யாருடையது என்பவற்றுக்கெல்லாம் சாட்சி, அதிர்ச்சியில் உறைந்த இளைஞர்களின் ஞாபகம்தான். துணி உள்ளிருந்து கத்தியால் வெட்டப்பட்டது என்பது மட்டும் ஆய்வில் உறுதியானது. அதையும் முதலில் கவனித்துச் சொன்னவர் ஒரு தையல்காரப் பெண்.

கூடாரத்திலிருந்து எட்டு ஒன்பது பேரின் காலடித் தடங்கள் கீழே இறங்கின. சில வெறுங்கால், சில காலுறையோடு, ஒன்றில் ஒற்றைக் காலுக்கு மட்டும் பாதணி. ஐந்நூறு மீட்டருக்குப் பிறகு தடம் மறைந்தது. வேறு யாருடைய தடமும் இல்லை. பைன் மரத்தடியில் அணைந்த தீயும், உள்ளாடையோடு தொரஷென்கோ, கிரிவனிஷெங்கோ இருவரின் உடல்களும் இருந்தன. மரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே தியாத்லோவ், ஸ்லபோதின், கொல்மகோரவா மூவரும் மேல்நோக்கிப் போகும் நிலையில் கிடந்தார்கள். மற்ற நால்வர் மே 4 அன்றுதான் கிடைத்தார்கள். மரத்துக்கு 75 மீட்டர் அப்பால், ஓடைப் பள்ளத்தில், ஏறக்குறைய நான்கு மீட்டர் பனிக்கு அடியில். திபோ-பிரினோலின் மண்டை நொறுங்கியிருந்தது. துபினினாவுக்கும் ஸலத்தரியோவுக்கும் விலா எலும்புகள் வரிசையாக முறிந்திருந்தன. வெளித்தோலில் அதற்கேற்ற காயமில்லை. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் வஸ்ரஜ்தியோன்னி, வேகமாக வந்த கார் மோதியதற்கு ஈடான விசை என்றார். துபினினாவுக்கு நாக்கும் கண்களும் இல்லை. மாதக்கணக்கில் ஓடையின் ஈரத்தில் முகம் குப்புறக் கிடந்த உடலுக்கு இது நேரக்கூடியதுதான். ஆனால் மலிவான கட்டுரைகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மே 28 அன்று விசாரணை அதிகாரி லெவ் இவானோவ் கோப்பை மூடினார். பயணிகளால் வெல்ல முடியாத ஓர் இயற்கைப் பேராற்றலே காரணம் என்ற பொருளில் முடிவு எழுதினார். அது எந்த ஆற்றல் என்று அவர் குறிப்பிடவில்லை. அந்தப் பகுதிக்குப் பயணிகள் போவது மூன்றாண்டு தடை செய்யப்பட்டது. பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. கோப்பு ஆவணக் காப்பகத்துக்குள் போய்விட்டது.

என் பார்வையில் இந்த மர்மத்தின் உண்மையான பிறப்பிடம் அந்த மே மாதம். மலையில் நடந்தது ஒரு விபத்தாக இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அரசு கொடுத்தது ஒரு வாக்கியம் மட்டுமே. கேட்கக் கூடாது, எழுதக் கூடாது, போய்ப் பார்க்கக் கூடாது என்று எல்லா வாசலும் அடைபட்டால் மக்கள் மனத்தில் எழும் முதல் எண்ணம், எதையோ மறைக்கிறார்கள் என்பதுதான். அந்த எண்ணம் நியாயமானதும்கூட. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1957இல், அதே யூரல் வட்டாரத்தில் மயாக் அணுப்பொருள் ஆலையில் கழிவுத்தொட்டி வெடித்துப் பெரும் பரப்பு கதிர்வீச்சால் கெட்டது. அதையும் அரசு மூடித்தான் வைத்தது. இறந்தவர்களில் ஒருவரான கிரிவனிஷெங்கோ அந்த ஆலையில் பணிபுரிந்து, துப்புரவிலும் பங்கெடுத்தவர். இவர்களுடைய சில உடைகளில் கதிர்வீச்சுத் தடயம் காணப்பட்டதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. ஆனால் ஆலையே ரகசியமாக இருந்தபோது அந்த எளிய விளக்கத்தை யார் சொல்லியிருக்க முடியும்? ஒரு மறைப்பு இன்னொரு மறைப்புக்குச் சாட்சியாகிவிட்டது.

1990இல் ஓய்வுபெற்ற இவானோவே ஒரு கட்டுரை எழுதி, வானத்தில் தெரிந்த தீக்கோளங்களைப் பற்றித் தாம் எழுத விடாமல் மேலிடம் தடுத்தது என்றார். அதன்பின் கோட்பாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாமல் போயிற்று. ஏவுகணைச் சோதனை, வான்குடையில் இறக்கிய கண்ணிவெடி, உளவுத்துறை ஏற்பாடு செய்த ரகசியச் சந்திப்பு, இவ்தெல் முகாமிலிருந்து தப்பிய கைதிகள், பனிமனிதன் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடத் தேவையில்லை. தீக்கோளங்களைச் சாட்சிகள் கண்டது பிப்ரவரி 17இலும் மார்ச் 31இலும். அப்போது அந்த ஒன்பது பேர் இறந்து வாரங்கள் ஆகியிருந்தன. கைதிகள் வந்திருந்தால் தடம் இருக்கும், கூடாரத்தில் இருந்த பணமும் சாராயமும் போயிருக்கும்.

மான்சி மக்களைப் பற்றிய சந்தேகத்தை இன்னும் கடுமையாகவே ஒதுக்க வேண்டும். அந்த மலைகளில் கலைமான் மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்த தொல்குடியினர் அவர்கள். தங்கள் புனித இடத்தில் கால் வைத்ததற்காகக் கொன்றுவிட்டார்கள் என்று 1959இலேயே அவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையில் பனியில் உடல்களைத் தேடியவர்களில் மான்சி வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். தேடித் தந்தவனையே கொலைகாரனாகக் காட்டும் கதைகள் இன்றும் அச்சாகின்றன. இது வெறும் தவறான ஊகம் இல்லை, ஒரு சிறு சமூகத்தின் மேல் அடிக்கும் சேறு.

கவனத்தோடு பரிசீலிக்க வேண்டிய விளக்கங்கள் மூன்று. மூன்றிலும் காற்றோ பனியோதான் இருக்கிறது. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் டானி ஐக்கர் 2013இல் எழுதிய நூலில், உருண்ட மலைமுகட்டைக் காற்று கடக்கும்போது சுழல்கள் உருவாகி, செவிக்கெட்டாத தாழ் அதிர்வை எழுப்பி, உள்ளே இருந்தவர்களைப் பீதியில் தள்ளியிருக்கும் என்றார். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் நிதானம் இழந்தார்கள் என்று இது கருதிக்கொள்கிறது. ஆனால் தடங்கள் ஓடியவர்களுடையவை அல்ல, நடந்தவர்களுடையவை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் முன்வைத்தது மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்திறங்கும் கனத்த குளிர்காற்று. ஸ்வீடனின் அனாரிஸ் மலையில் 1978 பிப்ரவரியில் ஒன்பது பனிச்சறுக்குப் பயணிகளில் எட்டுப் பேர் அப்படித்தான் இறந்தார்கள். அங்கே சதியும் இல்லை, மர்மமும் இல்லை. அதனால்தான் உலகம் அதை நினைவில் வைக்கவில்லை. இந்த ஒப்பீடு என்னை மிகவும் பாதித்தது.

மூன்றாவது பனிச்சரிவு. ரஷ்ய அரசு வழக்குரைஞர் அலுவலகம் 2019இல் வழக்கை மறுபடி எடுத்து, 2020 ஜூலையில் பனிச்சரிவே காரணம் என அறிவித்தது. வெளியேறியவர்கள் ஒதுங்க இடம் தேடிப் போனார்கள், திரும்பிப் பார்த்தபோது 16 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத இருட்டில் கூடாரம் கண்ணில் படவில்லை என்றது அதன் விளக்கம். குடும்பங்கள் ஏற்கவில்லை. அறுபதாண்டு மௌனத்துக்குப் பிறகு அதே அரசு வந்து ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் முடித்துவைத்தால் யார் ஏற்பார்கள்?

அறிவியல் வலு வந்தது 2021 ஜனவரியில். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த யோஹான் கோமும் ஜூரிக் தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சாந்தர் பூஸ்ரினும் சேர்ந்து ஒரு கணக்கீட்டை வெளியிட்டார்கள். பழைய மறுப்புகள் நான்கும் அவர்கள் முன் இருந்தன: சரிவு அவ்வளவு செங்குத்தில்லை, பனி சரிந்த தடம் தென்படவில்லை, கூடாரம் போட்டுப் பல மணி நேரம் கழித்து எப்படிச் சரியும், பனியால் இப்படி எலும்பு முறியுமா. அவர்கள் சொன்ன இயக்கம் இது. மேற்பரப்பில் சாதுவாகத் தெரிந்த சரிவு, கூடாரம் போட்ட இடத்தில் அடியில் ஏறக்குறைய 28 பாகை சாய்ந்திருந்தது. கீழே பலவீனமான படிகப் பனி அடுக்கு, அதன்மேல் இறுகிய பனிப்பாளம். கூடாரத்துக்காகச் சரிவை வெட்டியபோது பாளத்தின் அடித்தாங்கல் போயிற்று. ஆனால் உடனே சரியவில்லை. இரவு முழுக்க முகட்டிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்த பனி மேலே சேரச் சேரப் பாரம் கூடி, ஏழரை மணி முதல் பதிமூன்றரை மணி நேரம் கழித்து ஒரு சிறு பாளம் கழன்று விழுந்திருக்கலாம். சிறியது என்பதால் மூன்று வாரக் காற்றில் தடம் அழிந்துவிடும்.

எலும்பு முறிவைக் கணக்கிட அவர்கள் கையாண்ட வழி வியப்பானது. டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படத்தில் பனி அசையும் விதம் கோமை ஈர்த்திருந்தது. அதை உருவாக்கியவர்களைச் சந்தித்து அந்தக் கணிப்பொறி முறையைத் தம் ஆய்வுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். மனித விலாக்கூடு எவ்வளவு விசை தாங்கும் என்பதற்கு, 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக நடந்த மோதல் சோதனைகளின் அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். படுத்திருந்தவர்களின் முதுகுக்கடியில் பனிச்சறுக்குப் பலகைகள் பரப்பப்பட்டிருந்தன. அடியில் கெட்டித் தளம், மேலே ஐந்து மீட்டர் நீளப் பாளம். உயிரை உடனே பறிக்காமல் விலாவை முறிக்க அது போதும் என்றது கணக்கு. 2021, 2022இல் அங்கே போன பயணங்கள், அந்தச் சரிவின் சில பகுதிகள் 30 பாகையையும் தாண்டுவதையும் அக்கம்பக்கத்தில் புதிதாகப் பாளங்கள் சரிந்திருப்பதையும் படமெடுத்து வந்தன. அங்கே பனி சரியாது என்ற பழைய வாதம் அத்தோடு போயிற்று.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். விலா முறிந்தவர்களும் மண்டை நொறுங்கியவரும் கூடாரத்திலேயே அடிபட்டிருந்தால், ஒன்றரைக் கிலோமீட்டர் அவர்களைச் சுமந்துதான் கொண்டுபோயிருக்க வேண்டும். தடங்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் காயங்கள் ஓடைப் பள்ளத்தில் நேர்ந்தவை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பனியைக் குடைந்து ஒதுங்கிய இடத்தில் மேற்கூரை இடிந்து விழுந்து, அடியில் கல்லும் ஓடையுமாக இருந்தால் அதே விசை கிடைக்கும். சரிந்த பாளம் அவர்களை வெளியேற்றியது, பள்ளத்துப் பனி நால்வரில் மூவரைக் கொன்றது என இரண்டு நிகழ்வாகப் பிரித்தால் முடிச்சுகள் பெரும்பாலும் அவிழ்கின்றன. சுவிஸ் ஆய்வாளர்களும் தாங்கள் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாக உரிமை கொண்டாடவில்லை.

இனி அந்தப் பைன் மரத்தடிக்கு வருவோம். பனிச்சரிவு பற்றிய சண்டையில் யார் வென்றாலும், இங்கே கிடைத்த சான்று மாறப்போவதில்லை. சுமார் மைனஸ் 25 பாகைக் குளிரில், செருப்பில்லாமல், இருட்டில், காற்றில் அவர்கள் தீ மூட்டினார்கள். மரத்தில் ஐந்து மீட்டர் உயரம் வரை கிளைகள் ஒடிக்கப்பட்டிருந்தன. கையெல்லாம் கிழிய யாரோ ஏறி ஒடித்திருக்கிறார்கள். பள்ளத்தில் ஃபர் மரக் கொழுந்துக் கிளைகளைப் பதினான்கு பதினைந்து வெட்டிக் கொண்டுவந்து பரப்பி, ஒரு படுகை அமைத்து, அதன்மேல் நால்வர் உட்காரும்படி துணிகளை நான்கு இடங்களில் வைத்திருந்தார்கள். தீயருகே முதலில் இறந்த இருவரின் உடைகளைக் கத்தியால் அறுத்தெடுத்து உயிரோடிருந்தவர்கள் போர்த்திக்கொண்டார்கள். துபினினாவின் பாதத்தில் கிரிவனிஷெங்கோவின் கால்சட்டைத் துண்டு சுற்றியிருந்தது. மூவர் கூடாரத்துக்குத் திரும்ப முயன்றார்கள். உணவும் பூட்ஸும் கோடரியும் அங்கேதான் இருந்தன என்பதால் அது சரியான முடிவு. ஆளுக்கொரு பக்கம் ஓடிய கூட்டத்தின் செயலா இது? வேலையைப் பங்கிட்டு, முறை வைத்து, இறந்தவனின் கம்பளியை உயிரோடிருப்பவனுக்குக் கொடுத்து, கடைசிவரை ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்த்தவர்கள் இவர்கள். பயத்தில் மூளை குழம்பியவர்கள் என்ற சித்திரத்தை இந்த ஒரு மரத்தடியே மறுக்கிறது.

இப்போது திரைப்படத்தைப் பார்ப்போம். 'டெவில்ஸ் பாஸ்' எடுத்தவர் ரென்னி ஹார்லின், ஃபின்லாந்துக்காரர். மலையைப் படமாக்கத் தெரிந்தவர்தான், 1993இல் 'கிளிஃப்ஹேங்கர்' அவர் இயக்கியது. திரைக்கதை விக்ரம் வீட். முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போகிறது. மாணவர்களின் வழிகாட்டிக் கருவிகள் பொய் சொல்கின்றன, பனியில் வெறுங்கால் தடங்கள் கூடாரத்தைச் சுற்றிப் போகின்றன, 1959இல் ஒன்பது அல்ல பதினோரு உடல்கள் கிடைத்தன என்கிறாள் ஒரு மூதாட்டி. பிறகு பனிக்குள் வெளியிலிருந்து பூட்டிய ஓர் இரும்புக் கதவு, உள்ளே நிலவறை, இடம்பெயர்த்தல் சோதனை, உருத்திரிந்த பிறவிகள். கடைசியில் தப்பிய இருவர் காலத்தின் குறுக்கே விழுந்து 1959க்கே போய்ச் சேர்கிறார்கள். அந்தக் கூடுதல் இரண்டு உடல்கள் அவர்களுடையவை. கொன்றது எது என்று தேடி வந்தவர்களே அரக்கர்களாக மாறிவிடுகிறார்கள். திரைக்கதை உத்தி என்ற அளவில் இது கெட்டிக்காரத்தனமானது, பாராட்டலாம்.

ஆனால் உண்மையில் இறந்த ஒன்பது பேர் அந்தப் படத்தில் எங்கே? அவர்கள் ஒரு செய்தித் துணுக்காகத் தொடக்கத்தில் வருகிறார்கள், அவ்வளவுதான். இன்னும் உறுத்துவது, உயிர் பிழைத்த பத்தாவது ஆளின் சித்திரம். படத்தில் அவரை ஒரு மருத்துவமனையில் அடைத்து, செத்துவிட்டார் என்று பொய் சொல்லி மறைத்து வைக்கிறார்கள். நிஜத்தில் யூதின் சுதந்திரமாக வாழ்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, தோழர்களின் நினைவு நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு, படம் வெளிவந்த அதே 2013இல் இறந்தார். பேசத் தயாராக இருந்த ஒரு மனிதரைப் பேச்சற்ற கைதியாக்குவது கற்பனைச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்த வகையின் தாய்ப்படம் என்று சொல்லத்தக்க 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' 1999இல் வந்தது. அதுவும் மாணவர்கள்தான்: மூன்று பேர், மேரிலண்ட் காட்டில் ஒரு சூனியக்காரியின் கதையை ஆவணப்படமாக்கப் போய்க் காணாமல் போகிறார்கள். நடிகர்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள், கேமராவையும் அவர்களே இயக்கினார்கள். நாளுக்கு நாள் அவர்களுக்குக் கொடுத்த உணவைக் குறைத்தார்கள். உண்மையில் காணாமல் போனவர்கள் என்று விளம்பரம் செய்ததால், நாயகியாக நடித்த பெண்ணின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. அந்தப் புராணம் முழுக்க இயக்குநர்கள் இட்டுக்கட்டியது. எனவே அதில் யாருடைய பிள்ளைக்கும் அவமானம் இல்லை. 2010இன் நார்வேப் படம் 'ட்ரோல் ஹன்டர்' இன்னும் எளிய வழியில் போயிற்று, நாட்டுப்புறக் கதையின் பூதங்களை மாணவர் கேமராவின் முன் நிறுத்தியது.

மாணவர்களையே இந்தப் படங்கள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. கையில் கேமரா, ஒரு பாடவேலை, அதிகாரம் இல்லாத ஆர்வம், திரும்பிப் போகச் சொன்னால் கேட்காத வயது. பார்வையாளருக்கு இவர்கள்மேல் உடனே பரிவு வரும். கேமராவை ஏன் கீழே வைக்கவில்லை என்ற கேள்விக்கும் ஒரு சமாதானம் கிடைக்கும். ஆனால் இந்த வகை பார்வையாளருக்கு ஒரு மறைமுக வாக்குறுதியும் கொடுக்கிறது: கடைசிச் சட்டகத்தில் கொன்றதைக் காட்டுவோம், அல்லது அதன் நிழலையாவது. தியாத்லோவ் குழுவின் நிஜச் சுருள்கள் அப்படி எதையும் தரவில்லை. கடைசியாகத் தெளிவாகத் தெரியும் படங்களில் ஒன்றில், வீசும் பனியில் குனிந்து சிலர் கூடாரத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். வேலைசெய்யும் முதுகுகள்தான் தெரியும். கிரிவனிஷெங்கோவின் சுருளில் கடைசிச் சட்டகம் இருட்டில் மங்கலான ஒளித்திட்டு. சுருளைக் கழற்றுவதற்கு முன் யாரோ அழுத்திய வெற்றுப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தீக்கோளக்காரர்களுக்கு அது வானத்தின் நெருப்பு. திபோ-பிரினோலின் சுருளில் மரங்களுக்கிடையே மங்கலாக ஓர் உருவம் நிற்கிறது. குவியம் தப்பிய தோழன் ஒருவனாக இருக்கும். 2014இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதைப் பனிமனிதன் என்றே காட்டியது. நாம் திரையில் பழகிக்கொண்ட வாக்குறுதியை நிஜச் சுருளிடம் கேட்கிறோம், அது கொடுக்காதபோது மங்கலிலிருந்து கொம்பு முளைக்க வைக்கிறோம்.

பிப்ரவரி 1 தேதியிட்டுக் குழு எழுதிய ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் கிடைத்தது. 'மாலை ஒதோர்தென்' என்று தலைப்பு. விளையாட்டுச் செய்திகள், அறிவியல் செய்திகள் எல்லாம் உண்டு. தொரஷென்கோவும் கொல்மகோரவாவும் கூடார அடுப்பைப் பூட்டுவதில் 1 மணி 2 நிமிடம் 27.4 விநாடியில் உலகச் சாதனை படைத்ததாக ஒரு கேலி. பனிமனிதனைப் பற்றியும் ஒரு கேலி இருந்தது, அதுவும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எனக்கு அதில் தெரிவது, ஒருவரையொருவர் சீண்டிச் சிரிக்கும் அளவுக்கு நெருங்கிய குழு. மரத்தடியில் உடையைப் பகிர்ந்துகொண்டதும் இதே குழுதான். இந்தத் தாளும் அந்தக் கால்சட்டைத் துண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன. அவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்று கேட்கும் நூல்கள் ஏராளம், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டவை வெகு சில.

2020இல் ரஷ்யாவில் வந்த எட்டுப் பகுதித் தொடர் 'தியாத்லோவ் கணவாய்' இந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தது. விசாரணையை ஒரு கற்பனை அதிகாரி நடத்துகிறார், ஆனால் மாறிமாறி வரும் பகுதிகளில் ஒன்பது பேரின் பயணமே கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. அவர்கள் பாடுகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், காலில் கொப்புளம் பார்க்கிறார்கள். அரக்கனும் இல்லை, நிலவறையும் இல்லை. இயற்கையே காரணம் என்று முடித்தும் சலிப்புத் தட்டவில்லை. இத்துயரத்தைப் படமாக்க அதன் உண்மையே போதும் என்பதற்கு அந்தத் தொடர் சான்று. அந்த உண்மையை மட்டும் வைத்துக் கண்டெடுத்த சுருள் என்ற வடிவத்தில் யாரும் முயன்றதாக எனக்குத் தெரியவில்லை. முயல்பவர் நிலவறையைத் தேட வேண்டாம். குழுவின் சுருள்களையும் நாட்குறிப்புகளையும் 1959ஆம் ஆண்டு வழக்குக் கோப்பையும் வரிசையாக அடுக்கி, சுருள் முடிகிற இடத்திலிருந்து மரத்தடிவரை தடங்களை மட்டும் வைத்துக் காட்டினால் போதும். ஓடைப் பள்ளத்தில் அந்த மூவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு மட்டும் பனியியலாளர்கள் இன்னொரு கணக்கீடு செய்ய வேண்டியிருக்கிறது. கூடாரத்துக்குச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கை அந்தப் பள்ளத்துக்குச் செலவிட்டாலும் வழக்கு இன்னும் நகரும்.